தண்ணீரில் ஐதரசனேற்றம்: கொழும்பு ஆய்வுகூடங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பற்பசைக் குழாயின் பின்புறத்தில் சோர்பிட்டோல் என்ற பெயர் இருக்கும். குளுக்கோசுக் கரைசலில் நிக்கல் அல்லது ருதேனியம் ஊக்கியை இட்டு, உயர் அமுக்கத்தில் ஐதரசனைச் செலுத்தி அதைத் தயாரிக்கிறார்கள். கரைப்பான் வெறும் தண்ணீர். தொழிற்சாலைகள் தொன் கணக்கில் செய்துவரும் காரியம் இது. இப்படி ஊக்கியின் உதவியோடு ஒரு சேர்வையில் ஐதரசனைச் சேர்ப்பதுதான் ஐதரசனேற்றம். ஆனால் நம் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் ஐதரசனேற்றம் என்றதும் கை தானாக மெதனோல் போத்தலைத் தேடுகிறது. பழைய செய்முறைத் தாளில் அப்படி எழுதியிருக்கிறது; அதைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் கிடையாது.

இந்த வழிகாட்டி உயர்தர இரசாயனவியலைத் தாண்டி வந்த மாணவர்களுக்கும் செய்முறை வகுப்பு நடத்துபவர்களுக்கும் உரியது. மேற்பார்வையுள்ள ஆய்வுகூடத்தில் மட்டும் செய்யவேண்டிய வேலை. வீட்டுச் சமையலறைக்கு உரியதல்ல. உதாரணத்துக்கு நம் நாட்டுக் கறுவாவோடு உறவுள்ள சினமிக் அமிலத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் தண்ணீர்?

சுற்றாடல் பற்றிப் பேசுவதற்கு முன் தீயைப் பற்றிப் பேசவேண்டும். மெதனோலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது தீப்பொறி பட்டால் அதன் ஆவி பற்றத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 11 பாகை. எதனோலுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினேழுக்குள். எதைல் அசற்றேற்றுக்கு மறை 4. கொழும்பில் ஆய்வுகூட வெப்பநிலை குளிரூட்டி இல்லாவிட்டால் 30 பாகையைத் தொடும். அதாவது இந்தத் திரவங்களைத் திறந்துவைத்த கணமே, மேலே நிற்கும் ஆவி பற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் கொஞ்சம் அவகாசம் உண்டு. நமக்கு அது இல்லை.

இதன் நடுவே ஊக்கியாகக் காபன் மீது படிந்த பல்லேடியம் வருகிறது. ஐதரசனை உறிஞ்சிய பல்லேடியத் தூள் காய்ந்து காற்றுப்பட்டால் தானாகக் கனன்றெழும். பக்கத்தில் மெதனோல் ஆவி இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஐதரசனேற்றத்தில் நேரும் தீவிபத்துகளில் பல, தாக்கம் நடக்கும்போது நேர்வதில்லை; முடிந்தபின் வடிதாளில்தான் நேர்கின்றன. தண்ணீரைக் கரைப்பானாக வைத்தால், கரைப்பான் ஆவி, கனலும் ஊக்கி, காற்று என்ற இந்த முக்கோணத்தில் ஒரு முனை கழன்றுவிடும். ஐதரசன் அப்படியே இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அது காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும்.

இரண்டாவது காரணம் வெப்பம். ஓர் இரட்டைப் பிணைப்பை ஐதரசனேற்றினால் மோலுக்குச் சுமார் 120 கிலோயூல் வெளிவரும். 10 மில்லிமோலுக்கு 1.2 கிலோயூல். அது முழுவதும் 25 மில்லிலீற்றர் தண்ணீருக்குள் இறங்கினால் வெப்பநிலை 11, 12 பாகை ஏறும். அதே கனவளவு எதனோலில் 25 பாகை ஏறும். தண்ணீர் சூட்டைத் தாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது செலவு. கரிமக் கரைப்பான் எல்லாம் நமக்குக் கப்பலில் வருவது. 2022 இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது அதன் விளைவு எல்லாருக்கும் தெரிந்தது. அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

தண்ணீர் எதில் சோம்பேறி?

ஐதரசன் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். 25 பாகையில், ஒரு வளிமண்டல அமுக்கத்தில், லீற்றருக்கு 0.78 மில்லிமோல் அளவு. மெதனோல், எதனோல் போன்றவற்றில் இதைப்போல் நாலைந்து மடங்கு கரையும். நாம் எடுக்கப்போகும் 25 மில்லிலீற்றரில் ஒரு நேரத்தில் இருக்கக்கூடிய ஐதரசன் 0.02 மில்லிமோலுக்குச் சற்றுக் குறைவு. தேவையோ 10 மில்லிமோல். ஐந்நூற்றில் ஒரு பங்குதான் எந்த நேரத்திலும் கரைசலில் நிற்கும்; மீதியெல்லாம் வாயுவிலிருந்து தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆகவே தண்ணீரில் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கலக்கும் முறைதான். காந்தக் கலக்கி மெதுவாகச் சுற்றி, மேற்பரப்பு கண்ணாடிபோல் அசையாமல் இருந்தால் மறுநாள் காலையிலும் தாக்கம் முடிந்திருக்காது. நடுவில் ஆழமான சுழி விழுந்து, கரிய தூள் முழுத் திரவத்திலும் பரவி, வாயு உள்ளே இழுபடவேண்டும். நீள்வட்டக் கலக்கித் தண்டைப் பயன்படுத்துங்கள். குடுவையின் அரைப்பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். "தண்ணீரில் வேலை செய்யவில்லை" என்று கைவிடப்பட்ட முயற்சிகளில் கலக்கியின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

தாக்கியைத் தேர்ந்தெடுத்தல்

இதில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது. தண்ணீருக்கு ஏற்ற தாக்கி இரண்டு குணம் உள்ளதாக இருக்கவேண்டும். தாக்கத்தின்போது கரையவேண்டும், முடிந்தபின் தானாக வெளியே வரவேண்டும். காபொட்சிலிக் அமிலங்களும் பீனோல்களும் இதற்குத் தோதானவை. மூலத்தைச் சேர்த்தால் உப்பாகிக் கரையும். அமிலத்தைச் சேர்த்தால் திரும்பவும் பிரியும். அமைன்களில் இதையே தலைகீழாகச் செய்யலாம்.

சிலவற்றைத் தொடவேண்டாம். எசுத்தர்கள் மூலக் கரைசலில் நீர்ப்பகுப்படையும். இமைன்கள் தண்ணீரில் பிரிந்துபோகும். வளையத்தில் குளோரீனோ புரோமீனோ உள்ள சேர்வைகளில், பல்லேடியமும் மூலமும் சேர்ந்து அலசனைக் கழற்றி எறிந்துவிடும். நைத்திரோச் சேர்வைகளை முதல் முயற்சிக்கு எடுக்கவே வேண்டாம்: அவற்றின் ஐதரசனேற்றம் மோலுக்கு 500 கிலோயூலுக்கு மேல் வெப்பம் தருவது, இடைநிலையில் வெடிக்கக்கூடிய ஐதரொட்சிலமைன் தேங்கும் ஆபத்தும் உண்டு.

சினமிக் அமிலம் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் பொருந்துகிறது. கறுவாப் பட்டை எண்ணெயின் முக்கிய கூறான சினமல்டிகைட்டை ஒட்சியேற்றினால் கிடைப்பது அது. 133 பாகையில் உருகும் வெள்ளைப் பளிங்கு. அதன் இரட்டைப் பிணைப்பை நிரப்பினால் வருவது 3-பீனைல்புரொப்பனோயிக் அமிலம். 48 பாகையை ஒட்டி உருகும். இரண்டுக்கும் இடையே 85 பாகை வித்தியாசம். உருகுநிலைக் கருவி ஒன்றே போதும், விளைவு எது என்று சொல்லிவிடும்.

முதற்படி: தண்ணீரும் கரைசலும்

குழாய்த் தண்ணீர் வேண்டாம். கொழும்புக்கு வரும் தண்ணீரின் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுத்துக் குளோரீன் இட்டது. வரட்சிக் காலத்தில் அந்த இடம்வரை கடலுப்பு ஏறிவரும். குடிக்க நல்லது, ஊக்கிக்கு நல்லதல்ல. காய்ச்சி வடித்த அல்லது அயனகற்றிய நீரை எடுத்து, அதற்குள் நைதரசனைச் சில நிமிடம் குமிழவிட்டு ஒட்சிசனை வெளியேற்றுங்கள்.

சினமிக் அமிலம் 1.48 கிராம், அதாவது 10 மில்லிமோல். சோடியம் ஐதரொட்சைட்டு 0.42 கிராம், 10.5 மில்லிமோல். இரண்டையும் 25 மில்லிலீற்றர் நீரில் இளஞ்சூட்டில் கரைத்து அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். கரைசல் தெளிவாக இருக்கவேண்டும். கலங்கலாக இருந்தால் அமிலம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். ஐதரொட்சைட்டைத் துளித்துளியாகச் சேர்த்து பி.எச். ஒன்பதுக்கு மேல் கொண்டுவாருங்கள். சோடியம் ஐதரொட்சைட்டு மணிகள் நம் ஈரக்காற்றில் நிறுக்கும்போதே வேர்த்துவிடும். ஆகவே நிறையை முழுவதாக நம்பாமல் பி.எச். தாளை நம்புவது நல்லது.

இரண்டாம் படி: ஊக்கி

ஐந்து சதவீதப் பல்லேடியம் உள்ள காபன் தூள், உலர் நிறையில் 75 மில்லிகிராம். பல்லேடியமாகப் பார்த்தால் 0.035 மில்லிமோல், தாக்கியின் 0.35 மோல் சதவீதம். சந்தையில் கிடைக்கும் தூளில் பாதி தண்ணீராக இருக்கும் வகையும் உண்டு. அதையே கேட்டு வாங்குங்கள். பறக்காது, கனலும் வாய்ப்பும் குறைவு. அப்படியானால் 150 மில்லிகிராம் நிறுக்கவேண்டும். நமக்கு எப்படியும் தண்ணீர்தானே கரைப்பான், உலர்த்தும் தொல்லை இல்லை.

கந்தகத்தின் நிழல்கூட இந்தக் குடுவையில் விழக்கூடாது. தயோசல்பேற்று வைத்திருந்த கண்ணாடியைக் கழுவாமல் எடுத்தால் பல்லேடியம் செத்துவிடும். நாகமும் அமிலமும் சேர்த்து ஐதரசன் தயாரிக்க எண்ணுபவர்களும் கவனிக்கவேண்டும்: நாகத்தில் உள்ள மாசுகளால், ஊக்கியைக் கெடுக்கும் ஆசைனும் (ஆசனிக்கு கலந்த வாயு) ஐதரசன் சல்பைட்டும் சிறிதளவு கூடவே வரும். உருளை வாயு அல்லது மின்பகுப்பு ஐதரசன் ஆக்கிதான் பொருத்தம்.

மூன்றாம் படி: வாயுவை மாற்றுதல்

வேலை முழுவதும் பியூம் கபோட்டுக்குள் (வாயுக்களை வெளியே இழுத்துவிடும் பெட்டகம்) நடக்கவேண்டும். கலக்கியின் ஆளியை ஐதரசன் வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். மின்விசிறி ஆளி, கைபேசி மின்னேற்றி எல்லாம் தள்ளி இருக்கட்டும்.

இரு கழுத்துக் குடுவையில் முதலில் நைதரசன். பிறகு ஊக்கி, அதன் மேல் கரைசல். வழக்கமான செய்முறையில் வெற்றிடம் இழுத்து வாயுவை மாற்றுவார்கள். இங்கே அது சரிவராது. 30 பாகையில் தண்ணீரின் ஆவியமுக்கம் 32 மில்லிமீற்றர் இரசம். ஆழ்ந்த வெற்றிடம் இழுத்தால் கரைசல் கொதித்துத் தூளையும் அள்ளிக்கொண்டு மேலே வரும். குழாயில் பொருத்தும் நீர்ப் பம்பியில் செய்பவர்கள், பசுமை இரசாயனம் என்ற பெயரில் எத்தனை லீற்றர் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது என்று ஒருமுறை வாளி வைத்துப் பார்க்கவும். நைதரசனைக் கரைசலுக்குள் பத்து நிமிடம் குமிழவிட்டால் போதும்.

அதன்பின் ஐதரசன். பலூனில் செய்யலாம். ஆனால் எனக்குப் பிடித்தது வாயு அளவி. எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று கண்ணால் பார்க்கலாம். 10 மில்லிமோல் உலர் ஐதரசன் 30 பாகையில் சுமார் 249 மில்லிலீற்றர். நீராவி கலந்த வாயு என்பதால் அளவியில் 260 மில்லிலீற்றர் இறங்கவேண்டும். முதலில் சிறிதளவை ஊக்கியே குடித்துவிடும். பிறகு சீரான வேகத்தில் இறங்கும். முடிவை நெருங்கும்போது வேகம் தளரும், கடைசியில் நின்றுவிடும். நன்றாகக் கலக்கினால் சில மணித்தியாலங்களில் முடியும்.

இடையில் நின்றுவிட்டால் முதலில் கலக்கியைப் பாருங்கள். பிறகு மூட்டுகளில் சவர்க்கார நீரைப் பூசிக் கசிவைப் பாருங்கள். ஊக்கியைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகுதான்.

நான்காம் படி: முடிந்ததா என்று அறிதல்

நைதரசனால் ஐதரசனை வெளியேற்றி, கலக்கலை நிறுத்திய பிறகே மாதிரி எடுங்கள். சில துளியை வடித்து, குளிர்ந்த ஐதான பொற்றாசியம் பரமங்கனேற்றுடன் சேருங்கள். பக்கத்திலேயே தொடக்கக் கரைசலின் சில துளியையும் வையுங்கள். தொடக்கக் கரைசலில் ஊதா உடனே மறைந்து பச்சையும் கபிலமுமாகும். முடிந்த கரைசலில் ஊதா நின்று நிலைக்கும். உயர்தர வகுப்பில் எல்லாரும் செய்த அதே சோதனைதான்.

புறவூதா நிறமாலைமானி இருந்தால் இன்னும் நல்லது. சினமேற்று அயன் 270 நானோமீற்றரை ஒட்டி மிக வலுவாக உறிஞ்சும். விளைவு அந்த இடத்தில் கிட்டத்தட்ட மௌனம். மாதிரியைப் பத்தாயிரம் மடங்கு ஐதாக்கிப் பாருங்கள். இதற்கும் தண்ணீர் போதும். மென்படலத் தகட்டில் சோதிக்கத் தொடங்கினால், அதற்கு வேண்டிய கரைப்பான்களான எக்சேனும் எதைல் அசற்றேற்றும் பின்வாசலால் உள்ளே வந்துவிடும்.

ஐந்தாம் படி: பிரித்தெடுத்தல்

தண்ணீரில் ஐதரசனேற்றினேன் என்று மார்தட்டும் பல அறிக்கைகள் தடுக்கி விழும் இடம் இது. 25 மில்லிலீற்றர் எதனோலை மிச்சம்பிடித்துவிட்டு, முடிவில் 25 மில்லிலீற்றராக மூன்று முறை எதைல் அசற்றேற்றால் பிரித்தெடுத்தால் என்ன இலாபம்? ஒன்றரைக் கிராம் விளைவுக்கு 75 மில்லிலீற்றர் கரிமக் கழிவு. எதனோலிலேயே செய்து, அதை ஆவியாக்கி மீட்டிருந்தால் கழிவு குறைந்திருக்கும். தண்ணீரை ஆவியாக்கிப் பிரிக்க நினைப்பதும் அதே போலத்தான்: கிலோகிராமுக்கு 2260 கிலோயூல் வேண்டும், எதனோலுக்குப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். பசுமையா இல்லையா என்பதைத் தாக்கக் குடுவை தீர்மானிப்பதில்லை, பிரிபுனல்தான் தீர்மானிக்கிறது. பிரிபுனலே வேண்டாத விளைவைத் தேடிச் சினமிக் அமிலத்துக்கு வந்தது இதற்காகத்தான்.

முதலில் ஊக்கியை வடியுங்கள். நனைத்த சீலைட் (வடிப்பதற்கு உதவும் நுண்தூள்) படலத்தின் மேல், உறிஞ்சலைக் குறைத்து வைத்து, 3 மில்லிலீற்றராக இரண்டு முறை நீரால் கழுவுங்கள். படலம் ஒரு கணமும் காயக்கூடாது. கடைசித் துளி இறங்குமுன் உறிஞ்சலை நிறுத்தி, ஈரத்தோடு அப்படியே தண்ணீர் உள்ள போத்தலுக்கு மாற்றிவிடுங்கள்.

வடிந்த கரைசலைப் பனிக்கட்டியில் வைத்து, செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சம அளவு நீருக்குள் மெதுவாக ஊற்றித் தயாரித்த அமிலத்தைத் துளித்துளியாகச் சேருங்கள். இரண்டு மில்லிலீற்றர் அளவில் பி.எச். இரண்டுக்கு வந்துவிடும். ஐதான அமிலத்தைத் தாராளமாக ஊற்றாதீர்கள்: கனவளவு கூடக்கூட விளைவு கரைந்து போகும். இந்த அமிலம் 20 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 6 கிராம் கரையும். 33 மில்லிலீற்றரில் 0.2 கிராம், கிடைக்கவேண்டிய 1.50 கிராமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல். பனிக்கட்டிக் குளிரில் இழப்பு குறையும். 10 கிராம் சோடியம் குளோரைட்டைக் கரைத்தால் இன்னும் குறையும்.

நம் வெப்பத்தில் இது முதலில் எண்ணெயாகத்தான் பிரியும். தண்ணீர் கலந்த அமிலம் 48 பாகைக்கு வெகு கீழேயே உருகிவிடுவதால் அப்படி. பயப்படவேண்டாம். முகவையின் உட்சுவரைக் கண்ணாடிக் கோலால் உரசுங்கள். முன்பு செய்த பளிங்கு ஒன்று இருந்தால் போடுங்கள். பால்போல் கலங்கி, பிறகு சட்டென்று முழுவதும் இறுகும். புக்னர் புனலில் வடித்து, மிகச் சிறிதளவு பனிநீரால் கழுவி, உலர்த்தியில் வையுங்கள். அடுப்பில் உலர்த்தவேண்டாம், உருகிவிடும். உருகுநிலை 47 முதல் 49 பாகைக்குள் கூர்மையாக இருந்தால் வேலை முடிந்தது. மங்கலாக நீண்டால் ஈரமோ சினமிக் அமிலமோ மிஞ்சியிருக்கிறது.

உருளை இல்லாத இடத்தில்: சோடியம் போமேற்று

ஐதரசன் உருளை வைக்க அனுமதியோ இடமோ இல்லாத ஆய்வுகூடங்கள் உண்டு. போமேற்று அயன் பல்லேடியத்தின் மேல் தண்ணீருடன் சேர்ந்து ஐதரசனைத் தந்து இருகாபனேற்றாக மாறும். மேற்சொன்ன அளவுக்குச் சோடியம் போமேற்று 2 கிராம், மூன்று சமவலு அளவில் சேர்த்து, நைதரசனின் கீழ் 60, 70 பாகையில் கலக்கலாம். கவனிக்கவேண்டியவை மூன்று. வாயு வெளிவர வழி இருக்கவேண்டும், குடுவையை அடைக்கவே கூடாது. முடிவில் அமிலம் சேர்க்கும்போது காபனீரொட்சைட்டு பொங்கும். பெரிய முகவையை எடுத்துக்கொள்ளுங்கள், அமிலமும் அதிகம் செலவாகும். பரமங்கனேற்றுச் சோதனை இங்கே ஏமாற்றும், போமேற்றும் அதை நிறநீக்கும் என்பதால். புறவூதாவை நம்புங்கள்.

தண்ணீரில் கரையவே கரையாதவை

இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, ஊக்கியைத் தண்ணீரில் கரைப்பது. தண்ணீரில் கரையச்செய்யும் சல்போனேற்றுக் கூட்டங்கள் ஏற்றிய பொசுபீன் என்ற உலோகம்பிடிக்கும் சேர்வையால், ஊக்கியான உரோடியத்தைத் தண்ணீருக்குள் கட்டிவைத்து, 1984 இல் ஜேர்மனியின் ஓபர்ஹௌசனில் ஒரு தொழிற்சாலை தொடங்கியது. அது ஐதரசனேற்றம் அல்ல, இரட்டைப் பிணைப்பில் ஐதரசனோடு காபனோரொட்சைட்டையும் சேர்க்கும் ஐதரோபோமைலேற்றம்; என்றாலும் விளைவு மேலே எண்ணெயாக மிதக்க, விலையுயர்ந்த ஊக்கி கீழே தண்ணீரில் தங்கும் அந்த உபாயம் இரண்டுக்கும் பொது. மற்றது மைசெல்: சவர்க்காரம் போன்ற மூலக்கூறுகள் தண்ணீரில் திரண்டு, கரையாத பொருளை உள்ளே வைத்துக்கொள்ளும் நுண்திரள். கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் புரூஸ் லிப்ஷட்ஸ் குழுவினர் விற்றமின் ஈ மூலக்கூறிலிருந்து டி.பி.ஜி.எஸ்-750-எம் என்ற அத்தகைய பரப்பிழுவிசைக் குறைப்பியை உருவாக்கினார்கள். தண்ணீரில் நிறைப்படி 2 சதவீதம் போதும். 2011 இல் அவருக்கு அமெரிக்க அரசின் பசுமை இரசாயன விருது கிடைத்தது. முறை அழகானது. ஆனால் வேகமாகக் கலக்கினால் நுரைக்கும், பிரிக்கும்போது பால்மமாகும். மாணவர் வகுப்புக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஆராய்ச்சிக்கு, தக்க காரணம் இருந்தால், செய்யலாம்.

கழிவு

தண்ணீர்க் கழிவு என்றால் தொட்டியில் ஊற்றலாம் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. கொழும்பு மாநகரின் கழிவுநீர்க் குழாய்த்தொகுதி வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீளும் குழாய்களில் முடிகிறது. காலையில் வெள்ளவத்தைக் கரையில் நடப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நடுநிலையாக்கிய உப்புக் கரைசல் சிறிதளவு போவதில் பெரிய கேடு இல்லை. பல்லேடியம் கலந்ததோ பரப்பிழுவிசைக் குறைப்பி கலந்ததோ போகக்கூடாது. தனிப் போத்தலில் சேர்த்து, சுற்றாடல் விதிகளின்படி ஏற்கும் நிறுவனத்திடம் ஒப்படைக்கவேண்டும். கரிமக் கரைப்பானை எரித்து ஒழிக்கலாம், உப்பும் உலோகமும் கலந்த தண்ணீரை எரிக்க முடியாது. தண்ணீரைத் தேர்ந்தெடுத்தவர் இந்தச் சுமையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

வடித்த ஊக்கியைத் தண்ணீரின் கீழ் வைத்தே இரண்டாம் முறையும் பயன்படுத்தலாம். போத்தலில் திகதியும் எத்தனையாவது பயன்பாடு என்பதும் எழுதியிருக்கட்டும். உறிஞ்சும் வேகம் பாதியாகக் குறைந்ததும் மீட்புக்கு ஒதுக்குங்கள். பல்லேடியம் எறிகிற உலோகமல்ல.

அடுத்து எதை எடுப்பது?

கறுவா மரத்திலேயே இன்னொன்று இருக்கிறது. பட்டை எண்ணெயில் சினமல்டிகைட்டு என்றால், இலை எண்ணெயில் யூஜினோல். அது பீனோல் ஆகையால் சோடியம் ஐதரொட்சைட்டில் கரையும். இதிலும் 10 மில்லிமோல் எடுத்தால் அதே அளவு ஊக்கி, அதே வாயு அளவி, அதே 260 மில்லிலீற்றர். மூலக் கரைசலில் பீனோல் காற்றுப்பட்டால் கபிலமாகிவிடும் என்பதால், கரைக்கும்போதே நைதரசன் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். அமிலம் சேர்த்ததும் விளைவு எண்ணெயாகவே பிரியும். அறை வெப்பநிலையில் திரவம் என்பதால் பளிங்காக்கக் காத்திருக்கவேண்டியதில்லை. உப்பிட்டுச் சற்றுநேரம் விட்டு, எண்ணெய்ப் படையைப் பிரித்து நிறுக்கலாம்.